கச்சான் காற்றிலும் கண்ணயரலாம்: கிழக்குக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு நித்திரை வழிகாட்டி

ஆசிரிய நியமனம் பெற்று வந்தவர், வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மாணவர், இடமாற்றத்தில் வந்த தாதி, வங்கி அலுவலர் என்று மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்குப் புதிதாக வந்தவர்களிடம் சில வாரங்கள் கழித்து "ஊர் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டைப் புகழ்வார்கள், வாவியைப் புகழ்வார்கள், "இரவில்தான் நித்திரை இல்லை" என்று முடிப்பார்கள். மலையகத்திலிருந்து வந்தவர் என்றால் அதைத்தான் முதலில் சொல்வார்.

வெக்கை, நுளம்பு, ஒலிபெருக்கி என்று காரணங்களை அடுக்குவார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் அதே வெக்கையில் அடுத்த வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குகிறாரே, அது எப்படி? புதியவர்கள் நித்திரையை இரவு பத்து மணிக்குத் தேடத் தொடங்குகிறார்கள். இந்தக் கரையில் அதற்கான வேலை காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிட வேண்டும். மிச்ச வேலை அறையில் இருக்கிறது. படுக்கையில் செய்வதற்கு உண்மையில் அதிகம் இல்லை.

எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும்

வளர்ந்தவர்களுக்கு ஓர் இரவுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம், 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம். "எனக்கு ஐந்து மணி நேரம் போதும்" என்று பெருமையடிப்பவர்களில் பெரும்பாலோர் போதாமைக்குப் பழகிப்போனவர்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தலை சாய்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

தூங்கும்போது உடல் சும்மா கிடப்பதில்லை. இரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கி, இதயத்துக்கும் குழாய்களுக்கும் ஓய்வு கொடுக்கிறது. பிள்ளைகளின் வளர்ச்சிக்கான ஹோர்மோன் ஆழ்ந்த நித்திரையில்தான் கூடுதலாகச் சுரக்கிறது. பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பதும் அப்போதுதான். அதனால் உயர்தரப் பரீட்சைக்கு விடிய விடியப் படிக்கும் பிள்ளை, படித்ததைத் தானே அழித்துக்கொண்டிருக்கிறது என்பேன். அந்தப் பிள்ளைக்கு இரவு இரண்டு மணிக்குக் கோப்பி ஊற்றிக் கொடுக்கும் அம்மாவுக்கும் இது பொருந்தும்.

நித்திரை குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. இரவு விழித்தவருக்கு மறுநாள் இனிப்பிலும் எண்ணெய்ப் பலகாரத்திலும் ஆசை வருவது அதனால்தான். குடும்பத்தில் நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்திக்கும் இதே கதை. 2015 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 164 பேரின் மூக்கில் தடிமன் வைரசை விட்டுப் பார்த்தார்கள். 6 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கி வந்தவர்களுக்குத் தடிமன் பிடிக்கும் வாய்ப்பு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட 4 மடங்குக்கும் அதிகமாக இருந்தது.

முதல் படி: எழும் நேரத்தைக் கட்டுங்கள்

நித்திரை வரும் நேரத்தை நாம் கட்டுப்படுத்த முடியாது. அது அழைத்தால் வருகிற விருந்தாளி அல்ல. எழும் நேரம் நம் கையில் இருக்கிறது. ஒரு நேரத்தைத் தெரிவு செய்யுங்கள், சனி ஞாயிறிலும் அதே நேரம். எழுந்ததும் அறைக்குள் கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிராமல் வெளியே வாருங்கள். இலங்கை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே உதிக்கிறது; அதுவும் நமக்குக் கடலிலிருந்து, எந்த மலையும் மறைக்காமல் உதிக்கிறது. கல்லடிப் பாலத்தில் காலையில் நடப்பவர்கள் கொழுப்புக் குறைக்க நடப்பதாகத்தான் நினைக்கிறார்கள். அன்றிரவு நித்திரைக்கும் அங்கேயே வித்திட்டுவிடுகிறார்கள்.

காலை வெளிச்சம் கண்ணில் பட்டதும் மூளையில் உள்ள உடற்கடிகாரம் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. இரவு இருட்டியதும், உடலை நித்திரைக்குத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹோர்மோன் சுரக்க வேண்டிய வேளையும் அதையொட்டியே அமைகிறது. இந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த ஜெஃப்ரி ஹோல், மைக்கேல் ரொஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017 இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கால் மணி நேரம் முற்றத்தில் நின்று பிளேன்டீ குடித்தாலே போதும், பரிசு பெற்ற அறிவியல் நமக்குப் பயன்பட்டுவிடும்.

இரண்டாம் படி: அறையைக் குளிரச் செய்யுங்கள்

நித்திரை வர வேண்டுமானால் உடலின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். கைகால்களின் தோல் வழியாக வெப்பம் வெளியேறித்தான் அது இறங்குகிறது. அறை கொதித்தால் வெளியேற வழியில்லை. வியர்வை இருந்தும் காற்று ஈரமாக இருந்தால் அது ஆவியாவதில்லை. புரண்டு புரண்டு படுப்பது அதனால்தான்.

வாடகைக்கு அறை பார்க்கும்போதே யோசியுங்கள். மேல்மாடி, தலைக்கு மேலே நேரடியாகக் கொங்கிறீற்றுத் தட்டு, வாடகையும் மலிவு என்றால், மலிவுக்குக் காரணம் அந்தத் தட்டுத்தான். பகல் முழுவதும் குடித்த வெயிலை அது இரவு முழுவதும் உங்கள்மேல் கக்கும். சீற்றுக் கூரை சூரியன் இறங்கியதும் விரைவில் ஆறிவிடும், ஆனால் பகலில் அடுப்பு. ஓட்டு வீட்டின் கீழ்த்தள அறை கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் எடுத்துவிடுங்கள். அறை பார்க்கப் பகலில் போகாமல் மாலை ஏழு மணிக்குப் போங்கள். நான்கு சுவர்களிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மேற்குச் சுவர் அப்போதும் சுடும். எவ்வளவு சுடுகிறது என்பதுதான் கேள்வி. கட்டிலை அந்தச் சுவருக்கு ஒட்டிப் போடாதீர்கள்.

வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று வீசும். தென்மேற்கில் மழையைக் கொட்டிவிட்டு மலைகளைத் தாண்டி வரும்போது அது காய்ந்து அனலாகிவிடுகிறது. அந்த மாதங்களில் பகலில் மேற்கு யன்னலைச் சாத்தி வையுங்கள். உள்ளே தொங்கும் திரைச்சீலை வெளிச்சத்தை மறைக்கும், வெப்பத்தை உள்ளே விட்ட பிறகுதான் மறைக்கும். யன்னலுக்கு வெளியே நிழல் வேண்டும். "அக்கா, மேற்குப் பக்க யன்னலுக்கு வெளியே ஒரு கிடுகு கட்டட்டுமா?" என்று வீட்டுக்கார அக்காவிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவரே ஆளை அனுப்பிக் கட்டித் தருவார்.

இருட்டியதும் எதிரெதிர் யன்னல்களைத் திறந்துவிடுங்கள். மேசை மின்விசிறி இருந்தால் முதல் ஒரு மணி நேரம் அதை உங்கள் பக்கம் திருப்பாமல் யன்னலில் வைத்து வெளியே பார்க்கத் திருப்புங்கள். அறைக்குள் தேங்கிய சூட்டை அது தள்ளிவிடும், மறுபக்க யன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். படுக்கும்போது உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

படுக்கை விடயத்தில் ஒரு வேண்டுகோள். கடையில் வாங்கிய மெத்தையின் பொலித்தீன் உறையை "அழுக்குப் படக் கூடாது" என்று கழற்றாமல் வைத்திருப்பவர்கள் இந்த மாவட்டங்களில் ஏராளம். இன்றே கழற்றுங்கள். பருத்தி விரிப்புப் போடுங்கள். அப்படியும் முதுகு வேர்த்தால் மெத்தைமேல் ஒரு பன்பாயை விரித்துப் பாருங்கள். இந்தப் பக்கத்துப் பெண்கள் கையால் இழைக்கும் பாய், முதுகுக்கும் மெத்தைக்கும் இடையில் காற்றுப் புக இடம் கொடுக்கும். மார்கழி, தையில் கதை தலைகீழ். மழையில் மெத்தை ஈரம் வாங்கி மணக்கும். வெயில் தலைகாட்டும் நாளில் வெளியே போட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: நுளம்பு வலை

2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாகச் சான்றளித்துவிட்டது. அதனால் வலை தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். டெங்குவைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது, விடிந்த பிறகும் பொழுது சாயும் முன்னும் அதிகம் கடிக்கும். பகலில் தூங்கும் குழந்தைக்கும், இரவு வேலை முடிந்து பகலில் தூங்குபவருக்கும் வலை கட்டாயம். இரவில் காதோரம் ரீங்காரமிடுவது பெரும்பாலும் வேறு இனம்; அது நித்திரையைக் கெடுக்கும்.

கட்டும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வலை தொய்ந்து உடலில் ஒட்டினால் நுளம்பு வெளியே நின்றே கடித்துவிடும், ஆகவே நான்கு கயிறுகளையும் இழுத்துக் கட்டுங்கள். கால்மாட்டிலிருந்து தொடங்கி மூன்று பக்கத்தையும் மெத்தைக்கு அடியில் செருகி, நாலாவது பக்கத்தின் வழியாக உள்ளே போய், உள்ளிருந்தே அதையும் செருகுங்கள். பிறகு ஒரு வெளிச்சத்தை மேல் மூலைகளில் காட்டுங்கள். கூடவே வந்த நுளம்பு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். வலை காற்றைக் கொஞ்சம் மறிக்கும். மின்விசிறியை வலைக்கு அருகே, படுக்கையின் உயரத்துக்கு வைத்தால் அந்தக் குறை தெரியாது. பூட்டிய அறையில் இரவு முழுவதும் நுளம்புச்சுருள் எரிப்பதை மட்டும் செய்யாதீர்கள். அந்தப் புகை உங்கள் நெஞ்சுக்குள்தான் போகிறது.

நான்காம் படி: மாலையைச் சுருக்குங்கள்

தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன், களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற பொருளின் வேலையை மறைத்துவிடுகிறது. உடலில் அதன் அளவு பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை ஐந்தரைக்குக் குடித்த பால் தேநீரின் பாதி, இரவு பத்தரைக்கும் உங்களோடு விழித்திருக்கும். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு நிறுத்திவிடுங்கள். போகும் வீட்டிலெல்லாம் தேநீர் தரும் ஊர் இது, மறுத்தால் மனம் நோவார்கள் என்றால் "இளநீர் இருக்கிறதா?" என்று கேளுங்கள், சந்தோசமாக வெட்டித் தருவார்கள்.

வெற்றிலைத் தட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாக்கும் புகையிலையும் இரண்டுமே விழிப்பூட்டிகள். வாய்ப் புற்றுநோய் ஆபத்து ஒருபுறம் இருக்க, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடும் வாய் வெற்றிலை உங்கள் நித்திரையையும் தள்ளிப்போடுகிறது. சாராயம் வேறு மாதிரி ஏமாற்றும். கண்ணை விரைவில் மூடிவிடும், நள்ளிரவுக்குப் பின் தட்டி எழுப்பும், குறட்டையையும் கூட்டும்.

படுக்க இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டுவிடுங்கள். இரவில் தயிர் கூடாது என்று உங்களைப் பலர் எச்சரிப்பார்கள். மட்டக்களப்பு எருமைத் தயிரில் குற்றமில்லை. வயிறு முட்டச் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டு, அதற்குமேல் தயிரும் ஊற்றி, கைகழுவியதும் படுத்தால் நெஞ்செரியாமல் வேறென்ன செய்யும்?

படுக்க ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு முன் குளியுங்கள். பனிபோல் குளிர்ந்த நீர் தேவையில்லை. இளஞ்சூடான நீரில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து உள்வெப்பம் வேகமாக வெளியேறும். வெயிலில் காய்ந்த மேல்தொட்டித் தண்ணீர் இதற்குப் பொருத்தம். இரவில் தலை குளித்தால் சளி பிடிக்கும் என்ற பயம் இங்கேயும் உண்டு. சளி வைரசால் வருவது. தலை ஈரம் பிடிக்காதவர்கள் உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொள்ளலாம்.

கைத்தொலைபேசியை மின்னேற்றும் இடத்தைக் கட்டிலிலிருந்து எழுந்து போக வேண்டிய தூரத்துக்கு மாற்றுங்கள். அவ்வளவுதான்.

பகல் தூக்கம்

மதியம் திண்ணையில் ஒரு பாயைப் போட்டுச் சாய்வது இந்தப் பக்கத்து வழக்கம். வெயிலுக்கு ஏற்ற நல்ல வழக்கமும்கூட. 20, 30 நிமிடத்தோடு நிறுத்துங்கள், மூன்று மணிக்கு முன் எழுந்துவிடுங்கள். மாலை ஐந்து வரை தூங்கிவிட்டு இரவில் நித்திரை வரவில்லை என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

இரவு வேலை, இரவுப் பயணம்

இரவு வேலை செய்யும் தாதியர், காவலாளிகள், நடுச்சாமத்தில் கடலுக்குப் போகும் மீனவர்கள், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் யானைக்குப் பயந்து வயல் காக்கும் விவசாயிகள் ஆகியோருக்கு "பத்து மணிக்குப் படுங்கள்" என்பது வெற்று அறிவுரை. அவர்கள் வேலைக்குப் போகுமுன் ஒன்றரை மணி நேரம் தூங்கிக்கொள்ளட்டும். விடிந்து வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டு, காலை வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். யன்னலில் கறுத்தத் துணி, கட்டிலுக்கு வலை, வாசலில் "இவர் இப்போது தூங்குகிறார்" என்று பிள்ளைகளிடமும் அயலவரிடமும் சொல்லி வைத்த ஓர் ஒழுங்கு. கடைசியாகச் சொன்னதுதான் கடினமானது, அதுதான் முக்கியமானதும். பகலில் தூங்குபவரைச் சோம்பேறி என்று நினைத்து எழுப்பும் மாமிமார் இன்னும் இருக்கிறார்கள்.

விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவருடைய அளவுக்கு மங்கிவிடுகின்றன என்று 1997 இல் வெளியான ஆய்வு காட்டியது. கல்முனை வீதியில் மாடு குறுக்கே வந்து நிற்க ஒரு நொடி போதும். வேலைத்தலத்திலேயே அரை மணி நேரம் சாய்ந்துவிட்டுப் புறப்படுங்கள், அல்லது பஸ்ஸில் போங்கள்.

வார இறுதியில் இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய் வருபவர்கள், திங்கள் காலை இறங்கியதும் பகல் முழுவதும் தூங்காமல், ஒரு சிறு தூக்கத்தோடு நிறுத்தி, அன்றிரவு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்கலாம்.

சடங்குக் காலம், நோன்புக் காலம்

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கினால் செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் பக்கமெல்லாம் இரவு பகலாகிவிடும். ஒலிபெருக்கியோடு சண்டை போட்டுப் பயனில்லை, போடவும் கூடாது. நீங்கள் வந்தவர், அம்மன் முன்பே இருக்கிறாள். காதடைப்பான் வாங்குங்கள், மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், அதன் ஒரே சீரான இரைச்சல் மற்ற ஒலிகளை மூடும். முடிந்தால் சடங்கு நிறைவுறும் குளிர்த்தி நாளில் நீங்களும் கோயிலுக்குப் போய் விழித்திருங்கள். எழும் நேரம் மாறாவிட்டால் ஓரிரு இரவில் ஒன்றும் கெட்டுவிடாது.

காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்றில் தங்கியிருப்பவர்களுக்கு நோன்பு மாதத்தில் நித்திரை இரண்டாக உடையும். தறாவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்ததும் கடைத்தெருவுக்குப் போகாமல் படுத்துவிடுவது முதல் பகுதி. விடியுமுன் சாப்பிடும் சஹர், சுபஹுத் தொழுகை ஆகியவற்றுக்குப் பிறகு வேலைக்குப் போகும் வரை இன்னொரு பகுதி. நண்பகல் லுஹர் தொழுகையை ஒட்டிய கைலூலா என்ற சிறு தூக்கம் மிச்சத்தை ஈடுசெய்யும். மூன்றையும் கூட்டி 7 மணி நேரம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

படுத்தும் வராவிட்டால்

ஏறக்குறைய 20 நிமிடம் ஆகியும் கண் மூடவில்லையா? எழுந்துவிடுங்கள். மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள், உத்தேசமாகவே இருக்கட்டும். மங்கிய வெளிச்சத்தில் சலிப்பான ஏதாவது செய்யுங்கள்: உடுப்பு மடிக்கலாம், பழைய பத்திரிகை படிக்கலாம். கண் சொருகும்போது திரும்பிப் போய்ப் படுங்கள். மீண்டும் வராவிட்டால் மீண்டும் எழுங்கள். கட்டில் என்றால் கவலைப்படும் இடம் என்று மூளை பழகிவிடாமல் தடுக்கும் முறை இது. நித்திரையின்மைக்கான உளவியல் சிகிச்சையில் இதற்கு முக்கிய இடம் உண்டு. நீண்டகால நித்திரையின்மைக்குக் குளிசையைவிட அந்தச் சிகிச்சையைத்தான் மருத்துவ வழிகாட்டல்கள் முதலில் பரிந்துரைக்கின்றன. முதல் சில இரவுகளில் இன்னும் களைத்துப் போவீர்கள். அதற்காக விட்டுவிட வேண்டாம்.

தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் தரும் குளிசையை "நல்லாத் தூக்கம் வரும்" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். மறுநாள் காலை தலை கனத்து, வாய் உலர்ந்து, வகுப்பிலோ வீதியிலோ அரைத்தூக்கத்தில் நடப்பீர்கள்.

வைத்தியரிடம் எப்போது

வாரத்தில் மூன்று இரவோ அதற்கு மேலோ தூக்கம் வராமல் அது மூன்று மாதம் நீடித்தால், உரத்த குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று திணறினால், 7 மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகினால், சிறுநீர் கழிக்க இரவில் பலமுறை எழுந்தால், படுத்ததும் கால்களை அசைக்காமல் இருக்க முடியாத ஓர் அவதி வந்தால் பிந்த வேண்டாம். குறட்டைக்குப் பின்னால் மூச்சுத் தடை நோய் இருக்கலாம், சிறுநீருக்குப் பின்னால் நீரிழிவு இருக்கலாம், கால் அவதிக்குப் பின்னால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் கட்டணமின்றிக் காட்டலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

இந்தக் கரையில் போரையும் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமியையும் கண்டவர்கள் பலர். கடல் இரைச்சல் கூடும் இரவுகளில் இன்றும் திடுக்கிட்டு எழுபவர்களுக்கு மேலே சொன்ன கிடுகும் வலையும் மருந்தல்ல. உளநலப் பிரிவில் அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது. 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணையும் அழைக்கலாம்.

வைத்தியரிடம் போகுமுன் ஒரு கொப்பியில் இரண்டு வாரத்துக்குக் குறித்து வையுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் விழித்தது, அன்று குடித்த தேநீர், பகல் தூக்கம், எடுக்கும் குளிசைகள். குறட்டை பற்றிய சந்தேகம் என்றால் அறையில் கூடப் படுப்பவரையும் அழைத்துப் போங்கள். அவர் வர மறுத்தால் ஓர் இரவு உங்கள் குறட்டையைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். மகிழ்ச்சியோடு செய்து தருவார்.